சிலேட்டுக் கல்லில் வேரூன்றிய கொடிகள்: பிரியோராட் பயணக் குறிப்புகள்

திங்கள், ஃபல்செட்

ரெயுஸ் நகரைத் தாண்டியதும் என்-420 சாலை மலையேறுகிறது. ஹேசல் கொட்டைத் தோப்புகள் கீழே நின்றுவிடுகின்றன. பின்னால் மத்திய தரைக்கடல் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கிறது. தெய்ஷெட்டா கணவாயைக் கடந்ததும் கடல் மறைந்து, கண்ணுக்கு எட்டிய மட்டும் மடிப்பு மடிப்பாகக் குன்றுகள். வடக்கே மோன்ட்சான்ட் மலை ஒரு சாம்பல் நிற மதில்போல நிற்கிறது. தெற்குக் கத்தலோனியாவின் பிரியோராட் வட்டாரம் இதுதான்.

ஸ்பெயினில் ஒயினுக்கான மிக உயர்ந்த தரச்சான்று இரண்டே பகுதிகளுக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்று ரியோஹா, பெரிய பகுதி, உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். இன்னொன்று இந்த பிரியோராட். மொத்தமே சுமார் 2,000 ஹெக்டேர் திராட்சை. ஆனால் அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் தொடங்கிய ஒயின் அட்வகேட் இதழ், இங்கிருந்து வந்த கிளோஸ் எராஸ்முஸ் என்ற சிவப்பு ஒயினுக்கு 2004, 2005 ஆகிய இரண்டு விளைச்சல்களுக்கும் அடுத்தடுத்து 100க்கு 100 கொடுத்தது. பிறகு லெர்மிட்டா என்ற இன்னொரு பிரியோராட் ஒயினின் 2013 விளைச்சலுக்கும் அதே நூறு. லெர்மிட்டா ஒரு புட்டி ஆயிரம் யூரோவைத் தாண்டும். அதை வாங்கிக் குடிக்கும் நிலையில் நான் இல்லை. அது விளைகிற சரிவை நேரில் பார்க்க வேண்டும், அங்கே அறுவடை நடக்கும்போது பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அதனால்தான் செப்டம்பர் கடைசியைத் தேர்ந்தெடுத்தேன்.

சித்தி மகன் பார்சிலோனாவில் வேலை பார்க்கிறான். வண்டியும் அவனுடையது, ஸ்பானிஷும் அவனுடையது. "அக்கா, நீங்க ருசி பாருங்க, ஸ்டியரிங்கை நான் பாத்துக்கறேன்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டான். இந்த மலைச்சாலைகளில் அப்படி ஒருவர் கூட வந்தால்தான் முடியும். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

ஃபல்செட் இந்த வட்டாரத்தின் தலைநகர். ஊருக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் போன இடம் கூட்டுறவு ஒயின் ஆலை. 1919இல் கட்டியது. கட்டட வடிவமைப்பு செசார் மார்ட்டினெல், பார்சிலோனாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கௌடியின் மாணவர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பழைய கோட்டை, உள்ளே போனால் தேவாலயத்தின் உயரம். கத்தலோனியா முழுக்க மார்ட்டினெல் கட்டிய இப்படிப்பட்ட ஆலைகளை 'ஒயின் பேராலயங்கள்' என்றே சொல்கிறார்கள். நொதிக்கிற ஒயின் சூட்டைக் கிளப்பும், கரியமில வாயுவை விடும். அதற்காகத்தான் அவ்வளவு உயரமும் அத்தனை சன்னல்களும். அழகுக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டு போனால் பாதிதான் பார்த்தவர்களாவோம்.

இதைக் கட்டியவர்கள் பணக்காரர்கள் கிடையாது என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி வந்து இங்கிருந்த கொடிகளை அழித்தது. ஏராளமான குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. மீதி இருந்தவர்கள் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி மறுபடி நட்டு, தனித்தனியாகப் பிழைக்க முடியாது என்று கூடி எழுப்பிய ஆலை இது.

ஒரு சின்ன விளக்கம், வரைபடத்தைப் பார்ப்பவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக. இந்தக் கூட்டுறவின் ஒயின் 'மோன்ட்சான்ட்' என்ற பெயரில் வரும். பிரியோராட் தரச்சான்றுப் பகுதியை ஒரு வளையம்போலச் சுற்றியிருக்கிறது மோன்ட்சான்ட் தரச்சான்றுப் பகுதி. மண் மாறுகிற இடத்தில் பெயரும் மாறுகிறது. விலையும் பாதியாகிறது. கையில் காசு குறைவாக இருப்பவர்கள் மோன்ட்சான்ட்டைத் தேடிக் குடிக்கலாம், ஏமாற மாட்டீர்கள்.

இரவுச் சாப்பாடு தக்காளி தேய்த்த ரொட்டி, அதன்மேல் தாராளமாக சியுரானா ஆலிவ் எண்ணெய். அர்பெகினா என்ற குட்டி ஆலிவ் காயில் எடுப்பது. கசப்பே இல்லை, பச்சை பாதாம் வாசனை. ரொட்டிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய், எஸ்கலாடெய்

மோன்ட்சான்ட் மலையின் அடிவாரத்தில் ஒரு மடத்தின் இடிபாடுகள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கார்த்தூசியர் என்ற கிறிஸ்தவத் துறவிகள் பிரான்சின் ப்ரோவான்ஸிலிருந்து வந்து கட்டிய மடம். ஐபீரியத் தீபகற்பத்தில் அந்தச் சபையின் முதல் மடம் இதுதான். ஒரு பைன் மரத்தின் உச்சியிலிருந்து வானத்துக்கு ஏணி போட்டு தேவதைகள் ஏறி இறங்குவதை ஓர் ஆட்டிடையன் பார்த்தான் என்பது ஊர்க் கதை. மடத்துக்கும் 'கடவுளின் ஏணி' என்றே பெயர் வைத்தார்கள். மடத்துத் தலைவருக்குச் சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் கட்டுப்பட்டிருந்தன, வட்டாரத்தின் பெயரும் 'பிரியோர்' என்ற அவருடைய பதவியிலிருந்து வந்ததுதான்.

துறவிகளின் அறைகளில் ஒன்றை மட்டும் பழையபடி கட்டி வைத்திருக்கிறார்கள். நான் நிறைய நேரம் நின்றது அங்கேதான். ஒரு படுக்கை, ஜெபிக்க ஓர் இடம், வேலை செய்ய ஒரு இடம், பின்பக்கம் சுவர் சூழ்ந்த சிறு தோட்டம். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பொந்து. அந்த வழியாகத்தான் சாப்பாடு உள்ளே வரும். கொண்டுவந்து வைப்பவரின் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியக்கூடாது. இப்படி வாழ்ந்தவர்கள்தான் இந்த மலைக்குத் திராட்சை வளர்ப்பையும் ஒயின் செய்முறையையும் நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிக்கொடுத்தவர்கள்.

1835இல் ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. துறவிகள் வெளியேறினார்கள், மடம் சூறையாடப்பட்டு எரிந்தது. அறுநூறு ஆண்டுக்கு மேல் வரியும் வாரமும் கட்டிய சனங்களுக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் வீடு கட்டினார்கள். இன்று சுற்றுலாப் பலகையில் "அழிவு" என்று எழுதியிருப்பதை, நிலம் கைக்கு வந்த கதையாகவும் படிக்கலாம். தோட்டங்கள் பல குடும்பங்களுக்குக் கைமாறியது அதற்குப் பிறகுதான்.

மடத்திலிருந்து கொஞ்சம் கீழே எஸ்கலாடெய் என்ற குட்டிக் கிராமம். செல்லர்ஸ் தெ ஸ்காலா தெய் ஆலை இங்கே இருக்கிறது. 1989இல் ஐந்து பேர் வந்து பிரியோராட்டைக் கண்டுபிடித்தார்கள் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் எழுதுகிறார்கள். நாளைக்கு அவர்கள் ஊருக்குத்தான் போகிறோம், அவர்கள் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே, 1974 விளைச்சலிலிருந்து, இந்த ஆலை கர்னாச்சா திராட்சையைப் புட்டியில் அடைத்து பிரியோராட் என்று பெயர் போட்டு விற்றிருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது.

கர்னாச்சாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோல் மெல்லியது, இனிப்பு ஏறிக்கொண்டே போகும், அதனால் ஒயினில் ஆல்கஹால் சுலபமாகப் பதினைந்து சதவீதத்தைத் தொடும். வறட்சி தாங்கும், காற்று தாங்கும். கொஞ்சம் கவனம் தவறினால் காற்றுப்பட்டு நிறமும் மணமும் கெட்டுவிடும். மோன்ட்சான்ட் அடிவாரத்தின் உயரமான, களிமண் கலந்த தோட்டங்களில் விளைந்த கர்னாச்சாவை இன்று ருசி பார்த்தேன். நிறம் அடர்த்தியே இல்லை. காட்டு ஸ்ட்ராபெரி, காய்ந்த தைம் இலை, கடைசியில் மெல்லிய உப்பு. பிரியோராட் என்றாலே கெட்டியான, கறுப்பான ஒயின் என்று நினைத்திருப்பவர்கள் முதலில் இதைக் குடிக்க வேண்டும்.

புதன், கிராட்டாலோப்ஸ்

இந்த ஊரில் 300 பேர்கூட இல்லை. குன்றின் உச்சியில் ஒரு தேவாலயம், அதைச் சுற்றி நெருக்கியடித்த கல் வீடுகள், நான்கு பக்கமும் சரிவு. தெருவில் நடந்தால் ஒவ்வொரு மூலையிலும் ஓர் ஒயின் ஆலையின் பெயர்ப்பலகை. உலகத்தில் இவ்வளவு பேசப்படும் ஒயினுக்கு இவ்வளவு சின்ன ஊரா என்று தம்பி கேட்டுக்கொண்டே வந்தான்.

1979இல் ரெனே பார்பியே என்பவர் இங்கே நிலம் வாங்கினார். அப்போது பிரியோராட் முடிந்துபோன கதை. இளைஞர்கள் ரெயுஸுக்கும் தார்ரகோனாவுக்கும் ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள். ஃபிலாக்செராவுக்கு முன்பு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் இருந்த திராட்சை சில நூறுகளாகச் சுருங்கியிருந்தது. விளைந்ததும் பீப்பாய்க் கணக்கில், வேறு ஊர்களின் மெலிந்த ஒயினுக்கு நிறமும் வலுவும் சேர்க்கத்தான் போனது. அந்த நிலைமையில் பார்பியே தன் நண்பர்களை ஒவ்வொருவராக இழுத்து வந்தார். ரியோஹாவில் குடும்ப ஆலை இருந்த இளைஞர் ஆல்வாரோ பலாசியோஸ், ஃபல்செட் ஒயின் பள்ளியில் பாடம் நடத்திய ஹோசெப் லூயிஸ் பெரெஸ், கார்லெஸ் பஸ்ட்ரானா, சுவிட்சர்லாந்தில் பிறந்த டாஃப்னி குளோரியன். 1989 விளைச்சலை இந்த ஊரில் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து செய்து, ஐந்து பெயரில் விற்றார்கள். கிளோஸ் மொகாடோர், கிளோஸ் டோஃபி, கிளோஸ் மார்ட்டினெட், கிளோஸ் தெ லொபாக், கிளோஸ் எராஸ்முஸ். உள்ளே இருந்தது ஒரே ஒயின். தனி ஆலை வைக்கக் காசில்லாததால் கூடிச் செய்தார்கள். ஃபல்செட் கூட்டுறவுக்காரர்கள் எழுபது ஆண்டு முன்பு செய்ததையே இவர்களும் செய்திருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு மண் பாதையில் இறங்கினோம். சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் நிலத்தின் குறுக்குவெட்டு முழுசாகத் தெரிகிறது. இங்கே மேல்மண் என்று ஒன்று கிடையாது. காலடியிலிருந்தே கறுப்பும் செம்பழுப்புமாகத் தகடு தகடாக சிலேட்டுக் கல், அதை லிகோரெல்லா என்கிறார்கள். ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். கட்டைவிரலால் நெம்பினாலே ஏடு ஏடாகப் பிரிகிறது. உள்பக்கம் அபிரகத் துகள்கள் வெயிலில் மின்னுகின்றன. மத்தியான வெயிலில் கையில் வைத்திருக்க முடியாத சூடு. அந்தத் தகடுகளுக்கு நடுவே, என் தலைக்கு மேலே நிற்கும் கொடியின் வேர் ஒன்று, சுண்டுவிரல் தடிமனில் தட்டையாக நசுங்கி இறங்கிவருகிறது. என் இடுப்பு உயரத்துக்கு வந்து, ஒரு வெடிப்புக்குள் புகுந்து மறைகிறது. இந்தக் கல்லில் தண்ணீர் நிற்காது, வெடிப்புகளின் வழியாக ஆழத்துக்குப் போய்விடும். கொடி அதைத் தேடித் தேடிப் போக வேண்டும். உரச்சத்தும் அனேகமாக இல்லை. அதனால் தழை குறைவு, குலை சின்னது, பழம் சின்னது. சாறைவிடத் தோல் அதிகம். ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருவதுதானே.

கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்கு மேல் பந்தலாகப் படர்ந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும் திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கொடிகள் முதலில் காய்ந்துபோன கட்டைகளாகத்தான் தெரியும். பந்தல் இல்லை, கம்பி இல்லை. முழங்கால் உயரத்தில் ஒரு முண்டு, அதிலிருந்து நாலைந்து கிளைகள். கவாத்து செய்து செய்து முடிச்சு விழுந்திருக்கிறது. விதிப்படி ஹெக்டேருக்கு 6,000 கிலோ வரை அறுக்கலாம். பழைய சரிவுகளில் அதில் பாதிகூட வருவதில்லை, ஒரு கொடிக்கு ஒரு கிலோ கிடைத்தாலே நல்ல ஆண்டு என்கிறார்கள்.

சரி, லெர்மிட்டா. ஊருக்கு எதிரே ஒரு குன்றின்மேல் வெள்ளையாக ஒரு சின்னக் கோயில், ஆறுதலின் அன்னைக்குக் கட்டியது. அதன் கீழே வடகிழக்கைப் பார்த்த சரிவில் அந்தத் தோட்டம் இருக்கிறது. வடகிழக்கு என்பது முக்கியம். காலை வெயில் கிடைக்கும், பிற்பகலின் கொடூரமான வெயில் முழுசாக விழாது. இந்த வெக்கை பூமியில் அதுவே கர்னாச்சாவுக்குப் புத்துணர்ச்சியைக் கொடுக்கிறது. பலாசியோஸ் இதை வாங்கி 1993இல் முதல் ஒயின் எடுத்தார். டிராக்டர் ஏற முடியாத செங்குத்து, கோவேறு கழுதை பூட்டித்தான் உழுகிறார்கள். நாங்கள் கோயில் வரை போய் மேலேயிருந்து பார்த்தோம். தோட்டத்துக்குள் இறங்க அனுமதி கேட்கவில்லை, கேட்பதும் சரியில்லை, அறுவடை நேரம்.

மேலே உட்கார்ந்து யோசித்தேன். நூறு மதிப்பெண் கொடுத்தவர் ஒரு கோப்பையைத்தான் ருசி பார்த்தார். அந்தக் கோப்பைக்குப் பின்னால் யாரோ ஒருவர் இந்தச் சரிவில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை ஊன்றி, பனிக்காலத்தில் கவாத்து செய்திருக்கிறார். ஒயின் பற்றி எழுதும் நாம் அந்த வேலையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். மதிப்பெண்ணின்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்த எண் இல்லாவிட்டால் புட்டிக்கு இந்த விலை கிடைத்திராது, விலை இல்லாவிட்டால் இந்தச் சரிவில் கவாத்து செய்ய யாரும் வந்திருக்க மாட்டார்கள். கிராட்டாலோப்ஸில் இன்று சன்னல் திறந்திருக்கும் வீடுகளில் பாதியாவது அந்தக் காசில் திறந்தவையாக இருக்கும்.

ஆனால் தொண்ணூறுகளின் பாணி எனக்குப் பிடித்ததில்லை. அப்போது காபர்னே, சிரா, மெர்லோ என்று பிரெஞ்சுத் திராட்சைகளை நட்டார்கள். புது ஓக் பீப்பாயில் நிறைய நாள் வைத்தார்கள். அந்தக் காலத்து புட்டி ஒன்றை இன்று மாலை ஊர் மதுக்கடையில் கோப்பைக் கணக்கில் ஊற்றினார்கள். வலிமை இருக்கிறது, சாக்லெட்டும் வெனிலாவும் இருக்கிறது, மத்தியானம் கையில் பிடித்த கல் மட்டும் இல்லை. இப்போது பலரும் உள்ளூர்த் திராட்சைக்கும் பெரிய, பழைய பீப்பாய்களுக்கும் திரும்பிவிட்டார்கள். நல்ல திருப்பம்.

வியாழன், பெல்முன்ட், சியுரானா

காலையில் பெல்முன்ட் ஊரின் ஈயச் சுரங்கம். 1972இல் மூடிவிட்டார்கள், இப்போது அருங்காட்சியகம். தலைக்கவசம் கொடுத்து உள்ளே கூட்டிப்போகிறார்கள். நேற்று சாலையோரம் பார்த்த அதே கல்லை இன்று உள்ளிருந்து பார்க்கிறோம். ஒயினுக்காக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள், தவிர்க்காதீர்கள். ஒரு மணி நேரம்தான் ஆகும்.

அப்புறம் சியுரானா. செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒரு கிராமம். ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களான மூர்களுக்குக் கத்தலோனியாவில் கடைசிக் கோட்டை, 1153இல் விழுந்தது. மூர் இளவரசி பிடிபடாமல் இருக்கக் குதிரையோடு பள்ளத்தில் பாய்ந்தாள் என்கிறார்கள். குளம்படி பதிந்த பாறையையும் காட்டுகிறார்கள். பாறையேறுபவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். எங்களுக்கு அங்கே வேண்டியிருந்தது கீழே தெரிந்த அணை.

2021 முதல் 2024 வரை கத்தலோனியாவை ஒரு பெரும் வறட்சி வாட்டியது. 2024 பிப்ரவரியில் பார்சிலோனா பகுதிக்கே நெருக்கடி நிலை அறிவித்தார்கள். பிரியோராட்டின் 2023 அறுவடை பரிதாபமாகச் சுருங்கியது. அந்த நேரத்திலும் சியுரானா ஆற்றுத் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக மலைக்கு அந்தப்பக்கம் ரியுதெகான்யெஸ் அணைக்குத் திருப்பிவிடப்பட்டது. ரெயுஸ் பக்கத்து விவசாயத்துக்கும் நகரத்துக்கும் அது வேண்டும். பிரியோராட் ஊர்க்காரர்கள் "எங்கள் ஆறு எங்கள் ஆற்றிலேயே ஓடட்டும்" என்று பல காலமாகப் போராடுகிறார்கள். நேற்று கிராட்டாலோப்ஸுக்குக் கீழே நாங்கள் கடந்த பாலத்தின் அடியில் கூழாங்கல்தான் கிடந்தது. அது ஆறு என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அணை அருகே தள்ளுவண்டியில் காபி விற்ற பெரியவர் தம்பியிடம் நிறைய பேசினார். ரெயுஸ்காரர்கள்மேல் அவருக்குப் பகை இல்லை, "ஹேசல் மரமும் சாகக்கூடாதுதானே" என்றார். ஆனால் ஆறு வற்றினால் இரவின் ஈரம் போகும், ஈரம் போனால் கொடிக்கு மூச்சு முட்டும் என்பது அவர் கணக்கு. பிற்பகலில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை இங்கே கர்பினாதா என்கிறார்கள். வடமேற்கிலிருந்து வரும் காய்ந்த குளிர்காற்று செரே. இந்த இரண்டும் மாறி மாறி வீசுவதால்தான் இவ்வளவு வெயிலிலும் பழத்தில் புளிப்பு தங்குகிறது. கல்லைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தக் காற்றைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் ஒயின் பத்திரிகைகள் பேச வேண்டும். கொடி எவ்வளவு ஆழம் போனாலும் அடியில் ஈரம் இருந்தால்தானே உறிஞ்சும்?

வெள்ளி, பொரேரா

பொரேராவில் வீட்டுச் சுவர்களில் சூரியக் கடிகாரங்கள் வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு வடிவம். ஊருக்குள் கோர்த்தியெயா ஓடை. கத்தலோனியாவின் பெரிய பாடகர் லூயிஸ் லியாக் இந்த ஊரில் ஒயின் ஆலை வைத்திருக்கிறார். தொண்ணூறுகளில் ஊர்க் கூட்டுறவு தடுமாறியபோது விவசாயிகளின் பழைய கரின்யேனா திராட்சைக் கொடிகளின் பழத்துக்கு நல்ல விலை கிடைக்க வழி செய்தவர்களில் அவரும் ஒருவர்.

எனக்கு இந்தப் பயணத்தின் நடுமையம் கரின்யேனாதான். உலகம் முழுக்க இதை மட்டமான திராட்சை என்றுதான் ஒதுக்கினார்கள். விளைச்சல் அதிகம், புளிப்பு அதிகம், துவர்ப்பு அதிகம், தாமதமாகப் பழுக்கும். வளமான சமவெளியில் அப்படித்தான். ஆனால் எண்பது, நூறு ஆண்டு வயதான கொடியாக, லிகோரெல்லா சரிவில், தலைக்கு நாலு குலை மட்டும் காய்க்கும்போது அதே புளிப்பு ஒயினுக்கு முதுகெலும்பாகிவிடுகிறது. கர்னாச்சா இனிப்பாக வழிந்தோடப் பார்க்கும், கரின்யேனா அதைப் பிடித்து நிறுத்தும்.

ஒரு சின்ன ஆலையில் முன்பே சொல்லி வைத்திருந்தோம். ஆலையை நடத்துவது ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும். ஏழு மணிக்கே சரிவில் இருந்தார்கள். இன்றைக்குக் கரின்யேனாவின் முதல் அறுப்பு. வெட்டுகிறவர்களில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர், மற்றவர்கள் மொராக்கோவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்தவர்கள். என் கையிலும் ஒரு கத்தரியைக் கொடுத்தார். குலைக்காம்பு இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, கத்தரி இரண்டு முறை வழுக்கியது. குலையை வெட்டியதும் அப்படியே பெட்டியில் போடக்கூடாது. இடக்கையில் ஏந்தி, திருப்பிப் பார்த்து, வெயிலில் வாடி உலர்ந்த பழங்களைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் போட வேண்டும். பெட்டியும் சின்னது. அடியில் இருக்கும் பழம் நசுங்கக்கூடாது என்பதற்காக. முக்கால் மணி நேரத்தில் விரல்கள் ஒட்டிக்கொண்டன, நகக்கண்ணில் ஊதா நிறம். காலுக்கடியில் சிலேட்டு ஓயாமல் சறுக்கிக்கொண்டே இருந்தது. மொராக்கோக்காரர் ஒருவர் மலையின் ஏறுமுகமாகப் பாதத்தைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம்தான் நிற்க முடிந்தது.

தம்பி பெட்டிகளை வண்டி வரை தூக்கிக் கொடுத்தான். "அக்கா, இனிமே ஒயின் விலையைப் பத்தி நான் வாய் திறக்கமாட்டேன்" என்றான்.

பத்தரைக்கு எல்லாரும் நிழலில் உட்கார்ந்தார்கள். வட்ட ரொட்டியைக் குடைந்து, உள்ளே சுட்ட தக்காளி, பூண்டு, கருவாடு போன்ற உப்பு ஹெரிங் மீன் வைத்து, எண்ணெய் ஊற்றி மூடிக் கொண்டுவந்திருந்தார்கள். கிளோச்சா என்று பெயர். தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாடு. குடைந்தெடுத்த சதையால் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஆலைக்கார அம்மாவும் வேலையாட்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

பிற்பகல் ஆலைக்குள். நொதிக்கும் தொட்டியில் மேலே எழும்பி நிற்கும் தோல் சக்கையைக் காலையும் மாலையும் உள்ளே அழுத்திவிடுகிறார். போன ஆண்டின் கரின்யேனாவைப் பீப்பாயிலிருந்து உறிஞ்சிக் கோப்பையில் விட்டார். கறுத்த ஊதா. முதலில் நாவல்பழத்தின் நிறமும் துவர்ப்பும், பிறகு ரோஸ்மேரி, மழை விழுந்த சூடான கல். புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இந்த வாரம் குடித்தவற்றில் இதுதான் முதலிடம் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறேன். இதற்கு எந்த இதழும் மதிப்பெண் போடவில்லை. 'பொரேரா கிராம ஒயின்' என்ற பெயரில் புட்டி 30 யூரோ அளவில் விற்கிறார். 2009இலிருந்து பிரியோராட் தன் பகுதியைப் பன்னிரண்டு ஊர் மண்டலங்களாகப் பிரித்து, ஊரின் பெயரைப் புட்டியின் சீட்டில் போட அனுமதித்திருக்கிறது. முதலாளியின் பெயரைவிட ஊரின் பெயர் பெரிதாக இருக்கும் சீட்டு எனக்குப் பிடித்திருக்கிறது.

கிளம்பும்போது உள்ளறையிலிருந்து ஒரு சின்னப் பீப்பாயைக் காட்டினார். அவர் தாத்தா காலத்து ரான்சி ஒயின். வேண்டுமென்றே காற்றுப்படவிட்டு, வெயில் காட்டி, எடுக்க எடுக்கப் புதிதை ஊற்றி வளர்ப்பது. இங்கே பல வீடுகளில் ஒரு மூலையில் இப்படி ஒரு பீப்பாய் உண்டாம். விற்பதில்லை, விருந்தாளிக்கு மட்டும். வால்நட், காபி, உலர்ந்த அத்திப்பழம். விரல்நுனி அளவு கோப்பையில் கொடுத்தார், அது போதும்.

சனி, ஃபல்செட்

போக நினைப்பவர்களுக்கு நான்கு வார்த்தை.

பார்சிலோனாவிலிருந்து ரயிலிலும் வரலாம். மார்சா-ஃபல்செட் நிலையத்தில் இறங்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஆனால் கிராமங்களுக்கு இடையே பேருந்து மிகக் குறைவு, வண்டி இல்லாமல் ஆலைகளைப் பார்ப்பது சிரமம். ஓட்டுகிறவர் குடிக்காதவராக இருக்கட்டும். எந்த ஆலைக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் குடும்பமே நடத்துவது, திடீரென்று கதவைத் தட்டினால் யாரும் இருக்க மாட்டார்கள்.

அறுவடையைப் பார்க்க செப்டம்பர், அக்டோபர். ஆனால் அப்போது ஆலைக்காரர்களுக்குப் பேச நேரமிருக்காது. நிறைய ஒயின்களை ஒரே இடத்தில் ருசி பார்க்க ஆசைப்படுபவர்கள் மே மாதத் தொடக்கத்தில் ஃபல்செட்டில் நடக்கும் ஒயின் சந்தைக்கு வரலாம். கோடை உச்சத்தில் வேண்டாம், இந்தக் கல் கொதிக்கும்.

புட்டி வாங்கினால் பெரிய பெயர்களை விட்டுவிட்டு ஊர்ப் பெயர் போட்ட ஒயின்களைப் பாருங்கள். கிராட்டாலோப்ஸ், பொரேரா, தொர்ரோஹா, பொபொலெடா என்று ஊருக்கு ஒன்றாக வாங்கி, ஒரே மாலையில் திறந்து நாலு பேர் சேர்ந்து குடித்தால் சரிவுக்குச் சரிவு எப்படி மாறுகிறது என்று தெரியும். ஒரு மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். கொஞ்சம் குளிர்ச்சியாக, பதினாறு டிகிரி அளவில் ஊற்றுங்கள். நம் ஊர் அறைச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். ஆட்டுக்கறி வறுவலோடு கரின்யேனா நன்றாகப் போகும், மிளகு சேர்க்கலாம், மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொரேரா புட்டிகள் ஆறு வண்டியின் பின்பக்கம் இருக்கின்றன. இரண்டு தம்பிக்கு. அவன் இத்தனை நாளும் முகர்ந்து பார்த்ததோடு சரி.